நான்காவது சம்பவம்

தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அண்ணன் அழுதான். இருபது வயது, தாடி வேறு. "நான்தாம்மா கேட்டைத் தாழ் போடாம விட்டேன். என்னாலதான் நம்ம நாய் பஞ்சு வெளிய ஓடி, லாரில அடிபட்டுச்சு." மிதிபலகையில் இருந்த அம்மாவின் கால் அப்படியே நின்றது. தங்கை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அண்ணனின் பல்கலைக்கழக உளவியல் துறையிலிருந்து அம்மாவுக்கு ஒரு படிவம் வந்தது. ஞாபகத்தைப் பற்றிய ஆராய்ச்சி. அவன் சின்ன வயதில் நடந்த மூன்று சம்பவங்களையும், நடக்கவே நடக்காத ஒன்றையும் அவனுக்குத் தெரியாமல் எழுதித் தர வேண்டும். நான்கையும் நடந்ததாகவே சொல்லி, இல்லாதது அவனுக்கு ஞாபகம் வருகிறதா என்று பார்ப்பார்களாம். அவனிடம் உண்மையை இனி அடுத்த வாரம்தான் சொல்வார்கள்.

"எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு. நீயே எழுதுடி, கையெழுத்து மட்டும் போடறேன்" என்று அம்மா படிவத்தைத் தங்கையிடம் தள்ளிவிட்டாள்.

மூன்றைத் தங்கை சட்டென்று எழுதிவிட்டாள். நான்காவதற்குப் பேனாவைக் கடித்தாள். கேட்டைத் திறந்து போட்டு நாயைச் சாகவிட்டது அண்ணன் இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடியவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். திறந்தது அவள், ஐந்து வயதில். பதினொரு வருடமாக மூச்சு விடவில்லை. அதை அவன் பெயரில் எழுதியபோது நெஞ்சு லேசானதே, அதை நினைத்தால்தான் இப்போது கூசியது.

ஆராய்ச்சிக்காரர்களுடன் முதல் சந்திப்பில் அண்ணனுக்கு அது ஒன்றும் நினைவில்லை. இரண்டாவதில் கேட்டின் கிறீச்சொலி வந்தது. இன்று, பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது வரைக்கும்.

"அண்ணா, அழாத. அது நீ இல்ல. அந்த ஃபார்ம்ல நான்தான் பொய்யா எழுதினேன். தெறந்தது நான்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கப் பார்த்தான். "போடி எலி. எனக்காகப் பழிய உன் தலைல போட்டுக்காத."

"சத்தியமாண்ணா!"

"என்னடி உளர்றே?" என்றாள் அம்மா. "அன்னிக்கு உனக்குக் காய்ச்சல். கண்ணத் தெறக்காம கெடந்தே. பக்கத்துலயேதான் நான் உக்காந்திருந்தேன்."

இல்லை. பூந்தொட்டிமேல் ஏறித் தாழை இழுத்ததும், துரு ஒட்டிய விரல்களைக் கவுனில் துடைத்துக்கொண்டதும் கண்முன் நிற்கின்றன. துடைத்தாள், நிச்சயமாகத் துடைத்தாள். அந்தக் கவுன் என்ன நிறம்?