மந்தக்களம்

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு சக்கரவர்த்தி. நான் வைத்த பட்டமல்ல, அவரே வைத்துக்கொண்டது. பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. சாயங்காலமானால் கைபேசியை நிமிர்த்தி வைத்து, பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, “வணக்கம் மக்களே, உங்க சக்கரவர்த்தி வந்துட்டேன்” என்று தான் ஆடும் வீடியோ கேமை நேரலையில் காட்ட ஆரம்பித்துவிடுவார். மக்கள் என்பது மொத்தம் நாற்பது பேர். அதில் ஒருத்தி அக்கா, இன்னொருத்தி நான். அவர் எங்கே சறுக்குகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் பார்ப்பது.

விளையாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. விநோத மிருகங்களைப் பிடித்து வளர்த்து, ஆளுக்கு நான்காகக் கூட்டிவந்து மோதவிட வேண்டும். களத்தில் ஆளுக்கு ஒன்றுதான் நிற்கும். சுற்றுக்கு ஒரு கட்டளை. வேகமான மிருகம் முதலில் அடிக்கும். சக்கரவர்த்தி வளர்ப்பதெல்லாம் பாறை ஆமை, இரும்பு யானை என்று ஆள் வைத்துத் தள்ள வேண்டிய ரகம். அதனால் ஒரே ஒரு கட்டளையைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன் பெயர் மந்தக்களம். அதைப் போட்டால் களமே தலைகீழாகி, மெதுவானதுதான் முதலில் அடிக்கும். ஐந்து சுற்றுதான் நிற்கும், போட்ட சுற்றும் அதில் சேர்த்தி. நிற்கும்போதே இன்னொரு முறை போட்டால் நீளாது, கலைந்துவிடும். இந்த விதிகள் விளையாட்டு வாங்கிய அன்றே, என்னைப்போல் அதை ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். இவர் மட்டும் ஏதோ தவமிருந்து வாங்கிய வரம்போல வாரம் ஒருமுறை விளக்குவார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள்.

போன வாரம் அவள் என் வேலை இடத்துக்கே வந்துவிட்டாள். நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். இயந்திரம் சந்தேகப்படும் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து, கட்டம் கட்டமாக அணுக்களை எண்ணுவது என் வேலை. கோட்டின்மேல் கிடக்கும் அணுவை இந்தக் கட்டத்திலும் எண்ணி அந்தக் கட்டத்திலும் எண்ணிவிடக் கூடாது. அதற்கு மேல் இந்த வேலையில் பெரிய வித்தை கிடையாது.

அக்காவுக்கு ஆறு மாதம். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஜெயிக்கிறவருக்கு ஒரு பெரிய குழுவில் இடமாம். சம்பளம் தருவார்களாம், ஆனால் ஒரு வருஷம் வேறு ஊரில் குழுவின் பயிற்சி வீட்டிலேயே தங்க வேண்டும். இவர் ஜெயித்துவிட்டு வேலையை விடப்போகிறார். பிரசவத்துக்கு யார் இருப்பார்கள் என்று கேட்டதற்கு, பெண்கள் காலங்காலமாகப் பெற்றுக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று பதில் வந்திருக்கிறது.

“நீயும் கலந்துக்கோடி. அவரைத் தோக்கடிச்சிடு. தோத்தா ஒழுங்கா வேலைக்குப் போவாரு, வீட்ல இருப்பாரு.”

எனக்கு இதைவிட இனிப்பான வேலையை இதுவரை யாரும் கொடுத்ததில்லை. ஆனாலும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, உனக்காகச் செய்கிறேன் என்றேன்.

வணிக வளாகத்தின் மாடியில் ஒரு கூடம். மேசைகளுக்கு நீல விரிப்பு. அறுபது பேர் வந்ததில், மதியத்துக்குள் நானும் அவரும் மட்டும் மிச்சம். இறுதியாட்டத்துக்கு உட்காரும்போது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பயப்படாதம்மா. விளையாட்டுதானே, மாமா பாத்து அடிக்கிறேன்.”

நான் சரி மாமா என்றேன். அடுத்த பத்து நிமிஷத்தில் அவருடைய மூன்று மிருகங்களைச் சாய்த்தேன். என் நான்கும் நின்றன. கடைசியாக இரும்பு யானை வந்தது. வந்ததும் மந்தக்களம் போட்டது. திரையில் தரை கவிழ்ந்து வானம் கீழே வந்தது. பக்கத்தில் நிறுத்தியிருந்த கைபேசியைப் பார்த்து, “ஒண்ணு, மக்களே” என்றார். களம் எத்தனை சுற்று நின்றது என்று திரை காட்டாது, நாமேதான் எண்ண வேண்டும். அதை மனசுக்குள் எண்ணக்கூடத் தெரியாதவர்தான் சக்கரவர்த்தி.

இரண்டாவது சுற்றில் யானை முதலில் அடித்து என் மிருகம் ஒன்று போனது. மூன்றாவது சுற்றில் எங்கள் இரண்டு விளையாட்டுக் கருவிகளையும் இணைத்த கேபிள் கழன்று, படம் பாதியில் நின்றது. அவர் அதற்குள் மூன்று என்று சொல்லியாகிவிட்டது. நடுவர் ஓடிவந்து கேபிளைச் செருகி, அந்தச் சுற்றையே மறுபடி ஆடச் சொன்னார். ஆடினோம். என் இன்னொரு மிருகமும் போனது.

“நாலு” என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. கோட்டின்மேல் கிடந்ததை இரண்டு முறை எண்ணிவிட்டார். உண்மையான நான்காவது சுற்றில் நான் என் மிருகத்தைக் கேடயத்துக்குப் பின்னால் ஒளித்தேன். யானையின் அடி வீணானது.

“அஞ்சு. களம் முடிஞ்சது மக்களே. இப்ப மறுபடியும் போடறோம் பாருங்க.”

என்னிடம் மிச்சம் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரே அடியில் சாயும். யானை இன்னும் ஒரு அடி தாங்கும், இரண்டாவது தாங்காது. களம் இன்னும் ஒரு சுற்று உயிரோடிருந்தது. அவர் பேசாமல் அடித்திருந்தால், ஒன்றை இப்போதே சாய்த்து, அடுத்ததிடம் ஒரு அடி வாங்கிக்கொண்டு அதையும் சாய்த்து, ஜெயித்திருப்பார். அவரோ தன் களத்தைத் தன் கையாலேயே கலைத்தார். நான் ஒரு அடி போட்டேன். களம் இயல்புக்குத் திரும்பியது என்று திரையில் எழுத்து ஓடியது. அதை அவர் வாய்விட்டுப் படித்தார். அடுத்த சுற்றில் என் மிருகம் முந்திக்கொண்டது. யானை மண்ணைக் கவ்வியது.

கைதட்டல் அடங்கியதும் அக்காவைத் தேடினேன். முன்வரிசையில் இருந்தவள் மெல்ல எழுந்து அவரிடம் போய், “சரி விடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்” என்றாள். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, வெள்ளிக்கிழமையே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டதாகவும், கம்பெனியில் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். ஆட்டம் முடியுமுன்னே கிரீடம் வைத்துக்கொண்ட ஆள். எனக்கு அவர்மேல் துளி இரக்கம் வரவில்லை.

நடுவர் என் முன்னால் குழுவில் சேரும் படிவத்தை நீட்டினார். அக்கா வந்து என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

“உனக்கு வேலை இருக்குடி. இந்த இடத்தை அவருக்குக் குடுத்துடு. சம்பளமாவது வரும். பிரசவத்தை நான் பாத்துக்கறேன்.”

நான் நடுவரைக் கேட்டேன். ஜெயித்தவர் வேண்டாமென்றால் இரண்டாவது ஆளுக்குத்தான் போகும் என்றார். பேனாவை மூடி வைக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. அந்த நேரம் பார்த்து அவர் கைபேசிக்குள் குனிந்து, எல்லாம் கேபிளால் வந்த வினை மக்களே, கொழுந்தியா அதிர்ஷ்டக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா என் கையை விட்டாள். அவளுக்காகத்தான் ஜெயித்தேன் என்று அதுவரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் வயிற்றைத் தாங்கியபடி படியிறங்கிப் போனாள். அவர் கைபேசியோடு பேசிக்கொண்டே பின்னால் போனார். இனி நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார்.