கை வகை

"எதைடீ எடுத்துட்டு வந்திருக்க?"

ஒடிலியா போட்ட சத்தத்தில், இடுப்பில் இருந்த கைக்குழந்தை ரமிரோ இருமலை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். கரண்டி அவன் உதடு வரைக்கும் போய்விட்டிருந்தது. நெடி மூக்கில் ஏறியதால் பிழைத்தான். அது இருமல் மருந்தே இல்லை. அவள் கணவன் எலிசேயோ தோள்வலிக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

"ரெண்டும் ஒரே மாதிரி பாட்டில்மா" என்றாள் மகள் நயேலி, அலமாரிப் பக்கம் நகர்ந்தபடி. மூன்றாம் வகுப்பு படிக்கும் பெண்.

"மேலதான் கொட்டை எழுத்துல போட்டிருக்கே! படிச்சுப் பாத்து எடுத்தா என்ன? இங்க வா. இது என்னன்னு படி."

நயேலி பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். பிறகு விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டாள். கையைத் தட்டினாள். ஒரு குதி குதித்தாள். மறுபடி பாட்டிலைப் பார்த்தாள்.

"என்னடி கூத்து இது?"

"இப்படித்தாம்மா செய்யணும். நான் கை வகை. எனக்குக் கண்ணால பாத்துப் படிக்க வராது. டீச்சர் சொல்லியிருக்காங்க." கழுத்தில் தொங்கிய சிவப்புக் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள்.

அதைச் சொல்லும்போது பிள்ளையின் குரலில் துளி வருத்தம் இல்லை. எனக்கு மீன் பிடிக்காது என்று சொல்வதுபோல் சொன்னாள். ஒடிலியாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

வேலை முடிந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த எலிசேயோ சிரித்தான். "விடேன் ஒடி. கோல்ட்டர்மன் டீச்சர் எங்கிட்டயும் சொன்னாங்க. இவளுக்குக் கையிலதான் அறிவாம். நான் படிச்சப்ப என்னை மண்டுன்னுதான் சொன்னானுங்க. இவளை அப்படியா சொல்லிட்டாங்க? நல்ல விதமாத்தான சொன்னாங்க."

"பாட்டில் மேல இருக்கற பேரு தெரியல. இதுதான் அறிவா?"

"நம்ம குடும்பமே மாடு அறுக்கற கைதான? இவளுக்கு மட்டும் என்ன, புதுசா கண்ணு முளைக்கணுமா?"

வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஒடிலியா தைலம் முழுவதையும் வாஷ்பேசினில் கவிழ்த்தாள்.

மறுநாள் தொழிற்சாலையில் ஒருத்தியிடம் கெஞ்சி ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருந்த அந்தச் சிறிய ஊரில் பாதிப் பேருக்கு அந்த இறைச்சித் தொழிற்சாலைதான் பிழைப்பு. மிச்சப் பாதிப் பேரின் பிள்ளைகள் யார் என்று அவளுக்குத் தெரியாது. வகுப்பறைக் கதவைத் திறந்ததும் தெரிந்துபோனது.

சன்னலோரத்து நாற்காலிகளில் நீலக் கயிறு கட்டிய கண் வகைப் பிள்ளைகள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் மகன் அங்கே இருந்தான், பாங்க் மானேஜர் மகள் அங்கே இருந்தாள். மஞ்சள் கயிறு கட்டிய காது வகைப் பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கதை கேட்டார்கள். சிவப்புக் கயிறெல்லாம் தரையில் விரித்த கம்பளத்தில் உட்கார்ந்து களிமண் உருட்டிக்கொண்டிருந்தது. அந்த முகங்களில் முக்கால்வாசி தொழிற்சாலை வாசலில் அப்பா அம்மாவுக்காகக் காத்து நிற்பதை ஒடிலியா பார்த்திருக்கிறாள்.

கோல்ட்டர்மன் டீச்சர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். ஒடிலியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார வைத்தார்.

"நயேலி ஒரு வைரம், மிஸஸ் பரியென்டோஸ். என்ன அருமையா மண்ணுல எழுத்து செய்யறா தெரியுமா?"

"செய்யறா, டீச்சர். ஆனா அது என்ன எழுத்துன்னு அவளுக்குத் தெரியல."

"அவ வேகத்துல வரும். கை வகைப் பிள்ளைய நாற்காலில உட்கார வெச்சு, படின்னு வதைக்கறது பாவம். அடுத்த வருஷம் இவங்களுக்குன்னே தனி வகுப்பு போடறோம். புத்தகத் தொல்லையே கிடையாது. எல்லாம் செய்முறைதான்."

நாலாம் வகுப்பில் புத்தகமே இல்லையென்றால் அப்புறம் எந்த வகுப்பில் இவள் படிக்கப் போகிறாள்? ஒடிலியா தெரிந்த அரைகுறை இங்கிலீஷைக் கூட்டிச் சேர்த்து, "இவ கை வகைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

டீச்சர் முகம் மலர்ந்தது. அவருக்குப் பிடித்த கேள்வி அது. மூன்று பட அட்டைகளை மேசைமேல் பரப்பினார். ஒன்றில் ஒரு குழந்தை புத்தகத்தோடு இருந்தது. இன்னொன்றில் ரேடியோ கேட்டது. கடைசியில் மாவு பிசைந்தது.

"வீட்ல இருக்கறப்ப இதுல எது செய்வேன்னு கேட்டேன். டக்குனு மாவைத் தொட்டா. அம்மா வேலைக்குப் போனதும் டொர்டியா ரொட்டிக்கு மாவு பிசைவேன், தம்பியத் தூக்குவேன்னு சொன்னா. அப்ப அவ முகத்தைப் பாத்திருக்கணுமே நீங்க!"

ஒடிலியா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் புத்தகம் கிடையாது. மாவு இருக்கிறது, தம்பி இருக்கிறான். பிள்ளை உள்ளதைச் சொல்லியிருக்கிறது. நான் வேலைக்குப் போனதையல்லவா இவள் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கத்தினால் என்ன ஆகும் என்றும் தெரியும். டீச்சர் பொறுமையாக இதையே மறுபடி விளக்குவார்.

"இப்ப அவ மாறிட்டா டீச்சர். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நயேலியை நாற்காலியில் உட்கார வைத்தாள். "மூணு படம் காட்டுவாங்க. புத்தகத்தைத் தொடணும். தெரிஞ்சுதா?"

"நம்ம வீட்ல புத்தகம் இல்லையேம்மா. பொய்யில்லையா அது?"

"பொய்தான்."

"பொய் சொன்னா அடிப்பேன்னு நீதான சொன்ன?"

"இதைச் சொல்லலைன்னாதான் அடிப்பேன்" என்றாள் ஒடிலியா. தன் வாயில் அப்படி ஒரு பேச்சு வந்ததை நினைத்து அன்று முழுக்க அவளுக்கு மனசு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை ஒடிலியா பக்கத்தில் இருக்க, டீச்சர் அட்டைகளைப் பரப்பிவிட்டு, "யோசிச்சுத் தொடு, செல்லம். வீட்ல இருக்கறப்ப இதுல எது செய்வே?" என்றார். நயேலியின் கை நேரே மாவுப் படத்துக்குப் போனது. பழக்க தோஷம். கை அங்கேயே நின்றது. பிள்ளை ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தது. பிறகு விரல் நகர்ந்து புத்தகத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

"அடடா! நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா!" என்று டீச்சர் மனதார வருத்தப்பட்டு, சிவப்பை அவிழ்த்து நீலத்தைக் கட்டிவிட்டார்.

அப்புறம் நடந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்த எழுத்துக்கு இந்தச் சத்தம் என்று பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தார்கள். தப்பாகச் சொன்னால் திருத்தினார்கள், மறுநாள் மறுபடி கேட்டார்கள். வசந்தம் வருவதற்குள் நயேலி தெருப்பலகை, கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா என்று ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் துணி துவைக்கும் கடையில், 'மெஷின்மேல் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்' என்று உரக்கப் படித்துவிட்டு, அப்பா மெஷின்மேல் பிடித்து உட்கார வைத்திருந்த ரமிரோவைக் கீழே இழுத்தாள்.

எலிசேயோ மெஷினுக்குள் சுற்றும் துணியைப் பார்த்தான். "அப்ப நானும் மண்டு இல்லையோ, ஒடி? எனக்கும் யாரும் சொல்லித்தான் குடுக்கலையோ?" என்றான். ஒடிலியா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளி வருஷக் கடைசியில் பெற்றோர் கூட்டம். முன்வரிசையில் நீலக் கயிற்று வீட்டார். பின்வரிசையில் தொழிற்சாலையிலிருந்து பூட்ஸோடு வந்தவர்கள். நயேலி மேடையேறி ஒரு பக்கம் முழுக்கத் தடங்கலில்லாமல் படித்தாள்.

"பாருங்க!" என்றார் கோல்ட்டர்மன் டீச்சர், குரல் தழுதழுக்க. "இந்தப் பிள்ளைய வகை மாத்தி வெச்சிருந்தோம். சரியான வகையைக் கண்டுபிடிச்சதும் எப்படிப் படிக்கறா! ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வகை உண்டுங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? அடுத்த வருஷம் எல்லா வகுப்புக்கும் கயிறு கட்டப் போறோம். இவங்க அம்மா ரெண்டு வார்த்தை பேசட்டும். உங்க ஸ்பானிஷ்லயே பேசுங்கம்மா. நயேலி எங்களுக்குச் சொல்லுவா."

மைக் அருகே போன ஒடிலியா முன்வரிசையைப் பார்க்கவில்லை. பின்வரிசையைப் பார்த்து ஸ்பானிஷில் பேசினாள்.

"இவ எந்த வகையும் இல்ல. நான்தான் புத்தகத்தைத் தொடுன்னு பொய் சொல்லச் சொன்னேன். தொட்டா. எழுத்து சொல்லிக் குடுத்தாங்க, படிச்சுட்டா. இவ்வளவுதான் விஷயம். திங்கட்கிழமை நீங்களும் போய், எங்க பிள்ளைய இன்னொரு தடவை கேளுங்கன்னு நில்லுங்க. எல்லாப் பிள்ளையும் புத்தகத்தைத் தொடட்டும். மாவு பிசையறது, தம்பியத் தூக்கறது, எதையும் வாய் திறந்து சொல்லிடக் கூடாது."

பின்வரிசையில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான். ஒரு தாய் குனிந்து தன் மகன் காதில் ஏதோ சொன்னாள். பையன் தலையாட்டினான்.

"அம்மா என்ன சொன்னாங்க, செல்லம்?" என்று டீச்சர் நயேலியைக் கேட்டார்.

நயேலி அம்மாவைப் பார்த்தாள். பிறகு சிவப்புக் கயிறுகளோடு உட்கார்ந்திருந்த தன் சிநேகிதிகளைப் பார்த்தாள்.

"உங்க டெஸ்ட் ரொம்ப நல்ல டெஸ்ட்டாம், மிஸ். இங்க இருக்கற எல்லாருக்கும் இன்னொரு தடவை வைக்கணுமாம்."

கோல்ட்டர்மன் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்டிப்பா வைக்கறேன்" என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் அவர்தான் முதலில் கைதட்டினார்.