சகலையின் ஷெட்

என் சகலை அருள்மணியின் நிலக்கடலை உடைக்கிற ஷெட்டைப் பார்க்க வெளிநாட்டு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று இலுப்பூர் முழுக்கப் பேச்சு. கேட்ட நிமிஷமே எனக்கு வயிறு எரிந்தது. மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? எரிந்தது என்றால் எரிந்ததுதான்.

எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். என்றைக்காவது அவர்களுக்கு நான் மறுபடி சரக்கு அனுப்ப வேண்டியிருக்கும். கடல் தாண்டிக் கிழக்கே இருக்கிற நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து நிலக்கடலைப் பருப்பு அங்கேதான் கப்பலேறிப் போகும். போன வருஷம் ஒரு கப்பல் பருப்பில் பூஞ்சை விஷம் இருக்கிறது என்று சொல்லி, இந்தியக் கடலையே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதம் டெல்லிக்காரர்கள் கடிதம் எழுதினார்கள், அவர்கள் பதில் எழுதினார்கள். இரண்டு பக்கத்து மந்திரிகளும் கை குலுக்குகிற படம் பேப்பரில் வந்தது. கடைசியில் ஒரு ஏற்பாடு. மாவட்டத்துக்கு ஒரு ஷெட்டை வந்து பார்ப்பார்கள். அது தேறினால் அந்த மாவட்டத்துச் சரக்கு முழுக்கப் போகலாம். என் குடோனில் நடக்க வழியில்லாமல் மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. கப்பல் திறந்தால்தான் எனக்குப் பிழைப்பு.

எங்கள் மாவட்டத்துக்கு அருள்மணியின் ஷெட்டைத்தான் எடுத்தார்கள். ஏன், என் ஷெட்டுக்கு என்ன குறைச்சல்? நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். அவன் என் மனைவி பரிமளாவின் தங்கையைக் கட்டிக்கொண்டு, போயும் போயும் என் தெருவிலேயே வந்து ஷெட் போட்டவன்.

"தங்கச்சி வீட்டுக்காரருக்கு நல்லது நடந்தா நமக்கும் நல்லதுதானே? மூஞ்சிய ஏங்க இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் பரிமளா.

"என் மூஞ்சியே அப்படித்தான்."

"கல்யாண ஆல்பத்துல அப்படி இல்லையே" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

எங்கள் தொழில் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். காய்ந்த கடலைக்காயை அப்படியே ஓடு உடைக்கிற மெஷினில் போட்டால் பருப்பு பாதிக்குப் பாதி பிளந்துவிடும். பிளந்த பருப்பை எவனும் மதிக்க மாட்டான். அதனால் முதல் நாள் சாயங்காலமே காய்க் குவியலில் தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடிவைப்போம். மறுநாள் பருப்பு முழுசு முழுசாக விழும். உடைத்த பிறகு நன்றாகக் காயவைக்க வேண்டும்; இருக்கிற அவசரத்தில் யார் காயவைக்கிறார்கள்? பூஞ்சை பிடிப்பது அங்கேதான். இனிமேல் தண்ணீரே தெளிக்கக் கூடாது என்று வியாபாரிகள் சங்கத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டு வந்து தெளித்தோம். அருள்மணி மட்டும் நிறுத்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் நம்பவில்லை.

அதிகாரிகள் வந்த அன்று காலையில் அவனே என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்து பக்கத்துல நின்னாத் தெம்பா இருக்கும்."

போய் நின்றேன். வந்தவர்களில் பெரிய அதிகாரி ஒரு அம்மாள். கூடவே தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். அந்த அம்மாள் பருப்பை முகர்ந்தாள், கடித்துப் பார்த்தாள், ஈரம் பார்க்கிற மீட்டரை மூட்டைக்குள் செருகினாள். எல்லாவற்றுக்கும் தலையசைத்து எழுதிக்கொண்டே போனாள். போட்டோ எடுத்தார்கள். அருள்மணிக்குச் சால்வை போட்டார்கள். என்னை ஓரமாக நகரச் சொன்னார்கள்.

"காய்க்குத் தண்ணி தெளிக்கிறது உண்டாங்க?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"இல்லைங்க. நிறுத்தி ஆறு மாசமாச்சு" என்றான் அருள்மணி.

என்னால் பொறுக்க முடியவில்லை. "தண்ணி தெளிக்காம எவன்ங்க காயை ஒடைக்கிறான்? ஊரே தெளிக்குது. நேத்துச் சாயங்காலம்கூட நான் தெளிச்சிருக்கேன். இவன் மட்டும் யோக்கியனா?"

அவன் விழ வேண்டும். அது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. என் மூட்டைகளும் அதே கப்பலுக்குத்தான் காத்திருக்கின்றன என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உங்கள் ஷெட் எங்கே என்று கேட்டாள். நாலு வீடு தள்ளி. எல்லோரும் நடந்தார்கள். உள்ளூர் ஆர்டருக்காக நான் நனைத்து வைத்த குவியல் சாக்குக்கு அடியில் கதகதவென்று இருந்தது. அவள் கையை விட்டுப் பார்த்தாள், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தெருவில் இன்னும் மூன்று ஷெட்டுகளைத் திறக்கச் சொன்னாள். மூன்றிலும் ஈரம்.

பிறகு அருள்மணியின் ஷெட்டுக்கே திரும்பிப் போய், அவனுடைய குவியலை அடிவரை தோண்டச் சொன்னாள். காய் மொறுமொறுவென்று இருந்தது. மூலையில், அவன் யாருக்கும் காட்டாமல் ஒதுக்கி வைத்திருந்த பிளந்த பருப்பு மட்டும் எட்டு மூட்டை. ஆறு மாதமாக அத்தனை நஷ்டத்தையும் அவன் வாய் திறக்காமல் தாங்கியிருக்கிறான். நான் ஒருவன் சந்தேகப்பட்டதால் அவன் சொன்னது மெய் என்று ஊரறிய நிரூபணமாகிவிட்டது.

இருபது நாளில் கடிதம் வந்தது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அனுமதி இல்லை. அருள்மணியின் ஷெட் ஒன்றுக்கு மட்டும் உண்டு.

தெருக்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். பரிமளா கேலி பேசுவதையும் நிறுத்திவிட்டாள்; அதுதான் அதிகம் வலித்தது. அருள்மணி திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தேன். பிடித்தால் நானும் நாலு வார்த்தை பேசி இதை முடித்துக்கொள்ளலாம்.

அவன் கடிதத்தோடு வந்து வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது. "எல்லாருக்கும் சேத்துத்தான் கேட்டேன் அண்ணே. எனக்கு மட்டும் குடுத்துட்டாங்க. இனிமே வாங்குற காயை நனைக்காம எங்கிட்ட அனுப்பிருங்க. என் ஷெட்டுலயே ஒடச்சு ஏத்திக்கலாம். பேரு என் பேரா இருக்கும், அது ஒண்ணுதான் சங்கடம். தப்பா எடுத்துக்காதீங்க."

என்னிடமே மன்னிப்புக் கேட்கிறான்!

காயை அனுப்பினேன். வேறு வழி? அவன் பெயர் அச்சடித்த சாக்குகளுக்கு நானே நின்று வாய் தைத்தேன். அவன் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்தான். அவன் ஷெட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட காலம் எவ்வளவோ தேவலை. இப்போது அவன் நல்லவனாக இருப்பதையே என்னால் தாங்க முடியவில்லை.