கூடு விட்டுக் கூடு பாய்ந்த கடிகாரம்

“இன்று மாலை கடலோரப் பகுதிகளில் பலத்த...” என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்த நொடியில், வானொலியில் சோப்பு விளம்பரம் பாடத் தொடங்கியது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் நின்ற மருமகள் திரையில் ஓடிய நேரத்தைப் பார்த்தாள்.

ஸ்டூடியோ கதவு திறந்தது. நிலையத்தின் மூத்த செய்தி வாசிப்பாளரான மாமியார் ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி வெளியே வந்தார்.

“ஏம்மா, பலத்த என்ன? மழையா, காத்தா? கேக்கறவங்க சோப்பு நுரைன்னுல்ல நினைச்சுக்குவாங்க.”

“அத்தை, கடிகாரம் கொஞ்சம்...”

“இத்தனை வருஷத்துல என் வாயை யாரும் அடைச்சதில்ல. உன் மாமனாரே முயற்சி பண்ணித் தோத்தவர்.”

பாட்டு, விளம்பரம், செய்தி எல்லாவற்றையும் நேரம் பார்த்து ஒலிபரப்புவது ஒரே சர்வர். அலுவலகத்தில் அதற்குச் செல்லப்பெயர் பெரியப்பா. அந்த இரும்புப் பெட்டியின் விசிறி இருமத் தொடங்கியதால், மருமகள்தான் உள்ளே இருந்ததை அப்படியே நகலெடுத்து, புதிதாக வந்த பெரிய இயந்திரத்துக்குள் மெய்நிகர் சர்வராகக் குடிவைத்தாள். உடம்பு போய் உயிர் மட்டும் இடம் மாறிய கதை. கூடு விட்டுக் கூடு பாய்ந்த பெரியப்பா சிட்டாகப் பறந்தார். கடிகாரமும் சேர்ந்து பறந்ததுதான் வினை. எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி முந்தி ஓடியது.

மேனேஜர் வந்தார். “பேட்டரி மாத்திப் பாத்தீங்களா?”

“சார், அவருக்கு இப்ப உடம்பே கிடையாது. பேட்டரியை எங்க வைக்கிறது?”

மேனேஜர் சிரிக்கவில்லை. “மதியச் செய்தியும் வெட்டுப்பட்டா பழைய பெட்டியையே மாட்டிடுவோம். சர்வர் பொறுப்பை வெளியாளுக்குக் கொடுத்துடுவேன். உங்களுக்கு வேற வேலை.”

“என்ன வேலை சார்?”

“நேயர்கள் போன் பண்ணுவாங்கல்ல, எடுத்துப் பேசணும். இன்னைக்குக் காலையில இருந்து நிறையப் பேர் பண்றாங்க.”

அவள் சர்வர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. திரையில் பெரியப்பாவின் நேரத்தையும், அவரைச் சுமக்கும் புது இயந்திரத்தின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் நூல் பிடித்தாற்போல ஒன்றாக ஓடின. சுவரில் இருந்த செயற்கைக்கோள் கடிகாரத்தைப் பார்த்தாள். கூரை ஆன்டெனாவிலிருந்து நேரம் வாங்கும் அந்தச் சிவப்பு எண்கள் பொய் சொல்லாது.

இரண்டும் ஒரே நேரம். இரண்டுமே தப்பு. எப்படி?

கைப்பேசி அதிர்ந்தது. கணவன்.

“ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?”

“அத்தையைக் கேளுங்க. நான் வேலையா இருக்கேன்.”

“கேட்டுட்டேன். உன்னைக் கேக்கச் சொல்றாங்க. நீ அவங்களைக் கேக்கச் சொல்ற. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கை காட்டினா அடுப்புல என்னத்தைத்தான் வைக்கிறது?”

அவள் பார்வை திரையில் இருந்த இரண்டு நேரங்களுக்கும் மாறி மாறித் தாவியது.

“என்னங்க, இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ரெண்டு பேரும் மாத்தி மாத்தி...”

இணைப்பைத் துண்டித்தாள். விரல்கள் விசைப்பலகையில் பாய்ந்தன.

புது இயந்திரமே, நீ நேரத்தை யாரிடம் கேட்கிறாய்? திரை பதில் சொன்னது: பெரியப்பாவிடம். அவளேதான் அப்படி அமைத்திருந்தாள். எந்தப் புது இயந்திரம் வந்தாலும் நேரத்தைப் பெரியப்பாவிடம் கேட்கவைப்பது அந்த அலுவலகத்தின் எழுதாத சட்டம். கை பழக்கத்தில் செய்துவிட்டது.

சரி, பெரியப்பா யாரிடம் கேட்கிறார்? தன்னைச் சுமக்கும் புது இயந்திரத்திடம்; மெய்நிகர் சர்வர்களின் வழக்கம் அது.

குருடனுக்குக் குருடன் வழிகாட்டி. ஒருவரின் பிசகை மற்றவர் வாங்கி, கூடக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பு பெரியப்பாவுக்கு மட்டும் எப்படிச் சரியான நேரம் கிடைத்தது? மூலையில் கிடந்த பழைய பெட்டியைத் திருப்பினாள். அதன் முதுகில் ஒரு சாம்பல் நிற ஒயர். பிடித்துக்கொண்டே போனாள். அது சுவர் ஏறி, செயற்கைக்கோள் கடிகாரத்தில் போய் முடிந்தது. உயிரை எடுத்துப்போனவள், தொப்புள்கொடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஒயரைப் பிடுங்கிப் புது இயந்திரத்தின் முதுகில் சொருகினாள். ‘இனி நீ கூரையைக் கேள், பெரியப்பாவைக் கேட்காதே. பெரியப்பா, நீங்கள் இவனை மட்டும் கேளுங்கள்.’ இரண்டு கட்டளைகள். வானொலியில் நீளமான பாட்டு ஒன்று ஓடும்போதே நேரத்தைத் திருத்தினாள். பாட்டு பிசிறில்லாமல் தொடர்ந்தது. திரையும் சுவரும் ஒன்றாகத் துடித்தன. மதியம்வரை இமைகொட்டாமல் பார்த்தாள். இம்மி நகரவில்லை.

மதியச் செய்தி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேனேஜர் நகம் கடித்தார். உள்ளே மாமியார் கடைசித் தாளை எடுத்தார்.

“...கடலோரப் பகுதிகளில் பலத்த மழை பெய்யும். செய்திகள் முடிவடைந்தன. வணக்கம்.”

உதடுகள் மூடின. ஒரு மூச்சு. அப்புறம்தான் சோப்பு பாடியது.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “போன் எடுக்க வேற ஆள் பாத்துக்கறேன். அந்தப் பழைய பெட்டியையும் வெளிய அனுப்பிடுங்க.”

“ஒயர் மட்டும் எனக்கு வேணும் சார்.”

மாமியார் வெளியே வந்து மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். “பரவாயில்லையே. மழையை வரவெச்சுட்டியே.”

“உங்க பிள்ளை போட்ட போன்தான் அத்தை காரணம். ராத்திரிக்கு என்னன்னு கேட்டார்.”

“அவன் இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கானா?” மாமியார் கைப்பேசியை எடுத்தார். “டேய், இனிமே எங்க ரெண்டு பேரையும் கேக்காத. உன் வயித்தைக் கேளு.”