பீடி வேனில் அண்ணன் குரல்

ஒன்பதாம் வகுப்பில் பலகையில் நுரையீரல் படம் வரைந்துகொண்டிருந்த மலர்க்கொடிக்கு வெளியே அண்ணனின் குரல் கேட்டது. சாக்பீஸ் பிடித்த கை அப்படியே நின்றது.

“வாங்கண்ணே வாங்க! ஒரு இழுப்பு இழுத்தா ஒடம்பு வலி பறந்துரும்! ஆம்பளைன்னா கையில நம்ம பீடி!”

பாடாலூர் மெயின் ரோட்டில், உயர்நிலைப் பள்ளியின் கேட்டை ஒட்டி பீடிக் கம்பெனி வேன் நின்றிருந்தது. கூரையில் குழாய் ஒலிபெருக்கி. அவள் அண்ணன் உத்திராபதி பல வருஷம் அந்த வேனில் மைக் பிடித்தவன். பெரம்பலூர் சந்தையானாலும் அரியலூர் திருவிழாவானாலும் அவன் பேச ஆரம்பித்தால் கூட்டம் கூடிவிடும். சம்பளம் போக, பீடிக் கட்டு வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எண்பத்திரண்டாம் வருஷம் வாயில் புற்று வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பாதி நாக்கையும் தாடையில் ஒரு பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அவன் தண்ணி கேட்டால்கூட வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் புரியாது. அவன் நன்றாக இருந்த காலத்தில் பதிவு செய்த கேசட்டைக் கம்பெனி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது!

மணி அடித்ததும் பையன்கள் சுவரேறிக் குதித்தார்கள். வேனிலிருந்து ஒருவன் பீடிக் கட்டுகளை அள்ளி வீசினான். மலர்க்கொடி ஓடிப்போய்க் கத்தினாள். ஒலிபெருக்கி இரைச்சலில் அவள் சத்தம் எடுபடவில்லை. பெரிய வகுப்புப் பையன் ஒருவன் அவள் கண்ணெதிரிலேயே ஒரு கட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நடந்தான்.

அவள் நேராகத் தலைமையாசிரியர் இளையபெருமாளின் அறைக்குப் போனாள்.

“சார், அந்த வேனை வெரட்டணும்.”

“கேட்டுக்கு வெளியதான டீச்சர் நிக்கிறான்? நாம என்ன பண்ண முடியும்? ஆண்டு விழாவுக்கு மைக் செட்டு, பந்தல் எல்லாம் அவங்கதான் குடுத்தாங்க.”

“அதுக்காக நம்ம புள்ளைங்கள அவனுக்குக் குடுத்துடுவீங்களா?”

இளையபெருமாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு எரிந்தது. அவருக்குப் பின்னால் பீரோ மேல் டேப் ரெக்கார்டர் இருந்தது. ஆங்கில உச்சரிப்புப் பாடத்துக்கென்று கல்வி ஆபீஸ் அனுப்பியது, வந்த அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

“இது எனக்கு வேணும் சார். பாடம் நடத்த.”

அவர் சரியென்று சொல்வதற்குள் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேன் கிளம்புவதற்குள் சுவரோரம் நின்று அந்தக் குரலைப் பதிவு செய்தாள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். உத்திராபதி துண்டால் முகத்தின் கீழ்ப்பாதியை மூடிக்கொண்டு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் தெருவில் இறங்கியதில்லை.

“கேட்டுட்டு என்னைத் திட்டு அண்ணே” என்று சொல்லி அவள் பட்டனை அழுத்தினாள்.

தன் குரலைக் கேட்டதும் அவன் நிமிர்ந்தான். பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துச் சுவரில் அடித்தான். அண்ணி அம்சவள்ளி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“எதுக்கு மலரு இத இங்க கொண்டாந்த? அவரு படுறது பத்தாதா?”

“பள்ளிக்கூட வாசல்ல இந்தக் குரல வச்சுத்தான் அண்ணி பீடி விக்கிறான். ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒருத்தன் எட்டிப் பாத்தானா? இதைக் கேட்டுக் கேட்டுப் பசங்க வாங்கிக் குடிக்கிறானுங்க. அண்ணன் இப்ப பேசுறதையும் அவனுங்க கேக்கட்டும்.”

உத்திராபதி குழறிக் குழறி ஏதோ கத்தினான். அம்சவள்ளி அதை எடுத்துச் சொன்னாள்: “என்னை வேடிக்கை காட்டப் போறியான்னு கேக்குறாரு.”

“மூஞ்சி தெரியாது அண்ணே. கொரலு மட்டுந்தான்.”

அவன் அந்தக் குரலை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டான். பிறகு டேப் ரெக்கார்டரின் மைக்குக்காகக் கையை நீட்டினான். அதைப் பிடித்த விதம் மட்டும் மாறவேயில்லை. வாய்க்குச் சற்றுத் தள்ளி, லேசாகச் சாய்த்து.

மறுநாள் காலை வழிபாட்டில் பள்ளி மைக் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்தாள். முதலில் வேன் குரல் வந்தது. தெரிந்த விளம்பரம் என்றதும் பையன்கள் கூடவே சொன்னார்கள், விசிலடித்தார்கள். அது முடிந்து இன்னொரு குரல் வந்தது. எச்சில் ஒழுகும் சத்தம், உருவமில்லாத சொற்கள். வரிசைகளில் சிரிப்பு கிளம்பியது. குடிகாரன் என்று ஒருவன் கூவ, எல்லாரும் சிரித்தார்கள்.

மலர்க்கொடி டேப்பை நிறுத்தினாள். 

“புரியலல்ல? நான் சொல்றேன். ‘வாங்கண்ணே வாங்கன்னு கூப்புட்டவன் நான்தான். இப்ப என் வூட்டு ஆளுங்களத் தவிர யாருக்கும் நான் பேசுறது புரியல. சோத்த முழுங்க முடியாம கஞ்சியக் கொழா வழியா ஊத்துறாங்க. சிரிங்க. எனக்குப் புத்து வரும்னு சொன்ன டாக்டரப் பாத்து நானும் சிரிச்சேன்.’ இது என் அண்ணன். ரெண்டு குரலும் ஒரே ஆளுதான்டா!”

சிரிப்பு அடங்கியது. முன் வரிசைப் பெண்கள் தலை கவிழ்ந்தார்கள். இளையபெருமாள் வேகமாக வந்து மைக் வயரைப் பிடுங்கினார்.

“வழிபாட்டுல என்ன டீச்சர் இது அசிங்கம்? கம்பெனிக்காரன் கேட்டா நான் என்ன சொல்றது?”

“அசிங்கம் கேட்டுக்கு வெளிய நின்னப்ப ஒங்களுக்குத் தெரியலியா சார்?” என்றாள். பிள்ளைகள் எல்லாருக்கும் அது கேட்டது.

அடுத்த வாரம் வேன் மறுபடி வந்தது. கேசட் ஓட ஆரம்பித்தபோது ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து உத்திராபதி வந்தான். முகத்தில் துண்டு இல்லை. பின்னால் அம்சவள்ளி ஓட்டமும் நடையுமாக வந்தாள். டிரைவர் சாமிதுரை அவனோடு வருஷக்கணக்கில் வண்டியில் சுற்றியவன். அந்த முகத்தைப் பார்த்ததும் இருக்கையிலேயே ஒடுங்கிப்போனான்.

“உத்திராபதியா? நான் வெறும் டிரைவருப்பா...”

உத்திராபதி வேனுக்குள் ஏறினான். கேசட்டை உருவி எடுத்து, உள்ளிருந்த நாடாவைக் கொத்தாக இழுத்து ரோட்டில் எறிந்தான். பீடி வீசுகிறவன் தடுக்க வந்தான். “தொடாதடா அவன” என்று சாமிதுரையே அதட்டினான். உத்திராபதி மைக்கை எடுத்துப் பேசினான். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் சுவரேற வந்த பையன்கள் அந்த வாயைப் பார்த்தார்கள். ஒருத்தரும் சுவரேறவில்லை. ஒலிபெருக்கி வழியாக அவன் கோபம் மெயின் ரோடு முழுவதும் கேட்டது. பாதையில் போன பஸ்கூட நின்றது.

கம்பெனிக்காரன் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தான். மலர்க்கொடிக்குக் கல்வி ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதைப் படித்துவிட்டு, நடந்தது அத்தனையும் சரிதான் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். வேன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்க ஆரம்பித்தது. வேறு ஆளின் குரல். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடக் கக்கூஸ் பின்னால் பீடித் துண்டுகள் குறைந்தன. ஒரேயடியாக இல்லாமல் போய்விடவில்லை.

ஒருநாள் வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் அவளைத் தேடி வந்தார். தன் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்ட அந்த டேப்பை இரவல் கேட்டார். அவள் அண்ணனிடம் அழைத்துப் போனாள்.

உத்திராபதி தலையை ஆட்டி மறுத்து, நீளமாக என்னவோ சொன்னான். அம்சவள்ளி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்தியாரிடம் சொன்னாள்:

“டேப்பு வேணாமாம் சார். என்னிக்குன்னு சொல்லுங்க, நானே வரேங்குறாரு.”