இரண்டு மணிப் படிப்பு

பகல் இரண்டு மணிக்குத் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை ஓய்ந்துவிடும். குற்றாலத்தில் சீசன் முடிந்தாயிற்று. "தண்ணி விழுதா?" என்று கேட்பதற்காகவே மெட்ராஸிலிருந்து ட்ரங்க் கால் போடும் புண்ணியவான்களும் அடங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வேதா தன் போர்டில் நெல்லை லைனையும் செங்கோட்டை லைனையும் சேர்த்துப் போடுவாள். நெல்லையில் நமசிவாயம், செங்கோட்டையில் யாக்கூப். மூவரும் ஆபரேட்டர்கள்; மூவருக்கும் சூப்பர்வைசர் பரீட்சை வருகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. படிப்பெல்லாம் லைனில்தான்.

கேள்வி கேட்பது எப்போதும் நமசிவாயம். அந்தப் பரீட்சையில் ஏற்கெனவே கோட்டை விட்டவர். அதனாலேயே பேப்பர் திருத்துகிறவர்களைவிடக் கறார்.

"அர்ஜென்ட் காலும் லைட்னிங் காலும் சேந்து வருது. எதை முதல்ல போடுவிய?"

"லைட்னிங்," என்பாள் வேதா. அர்ஜென்டுக்கும் மேலான அவசரக் கால் அது.

"மொட்டையா சொன்னா மார்க்கு யாரு தருவா? ஏன்னு சொல்லணும்லா?"

யாக்கூப் சிரிப்பான்.

வேலையின் நெளிவுசுளிவுகளையும் வேதா இந்த லைனில்தான் கற்றாள். இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்ததும் ஒட்டுக்கேட்கும் கீயைத் தள்ளிவிட்டுக் காதை எடுத்துவிட வேண்டும். லைன் மோசமாக இருந்தால் மட்டும் நடுவில் இருக்கும் ஆபரேட்டர், அங்கே பேசுவதைக் கேட்டு இங்கே திருப்பிச் சொல்லலாம்.

வேதாவின் தம்பி கிட்டு பம்பாயில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைப்பது கஷ்டம் என்று தந்தி வந்திருந்தது. வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு வக்கீல் சாம்பசிவத்தின் நம்பரைத்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். லைனில் இருவருக்கும் இது தெரியும்.

அன்று மதியம் நெல்லை கூப்பிட்டது.

"பம்பாய் கால்மா," என்றார் நமசிவாயம். வக்கீல் நம்பரைச் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

வேதா இணைப்புக் கொடுத்தாள். வக்கீல் எடுத்து, வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அப்பா ராமசேஷனின் குரல்: "ஹலோ, யாரு?"

விரல் கீயின் மேல் இருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே விட்டால் போதும், தெரிந்துவிடும். அப்பாவுக்கு வந்த கால் அது. அவள் கீயைத் தள்ளினாள்.

பேச்சு முடிந்தால் எரியும் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து எரிந்தது. இணைப்பு ஒயரை உருவி வைத்தாள். அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது. வக்கீல் வீட்டுக்கு அவளே பேசியிருக்கலாம். பேசவில்லை. கேட்காதவரைக்கும் கிட்டு இருக்கிறான் அல்லவா?

இரண்டு மணிக்கு வழக்கம்போல் லைன்களைச் சேர்த்தாள்.

"கேளுங்கோ அண்ணாச்சி."

நமசிவாயம் தொண்டையைச் செருமினார். "படிப்பு இன்னிக்கு வேணுமாம்மா?"

"கேளுங்கோ."

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, பழைய கேள்வியையே கேட்டார். அர்ஜென்ட் காலும் லைட்னிங் காலும் சேர்ந்து வந்தால் எதை முதலில் போடுவது?

"அர்ஜென்ட்," என்றாள் வேதா. வாய் தானாகச் சொன்னது.

"சரிதாம்மா."

யாக்கூப் சிரித்துவிட்டான். "என்ன அண்ணாச்சி, லைட்னிங்லா முதல்ல..."

"ஏலே, சும்மா கெட. சரின்னு சொல்லுதேன்லா."

ஒரு வார்த்தை குறைந்தாலே விடாத மனுஷர், தப்பான பதிலைச் சரி என்கிறார். கிட்டு போய்விட்டான் என்று வேதாவுக்குத் தெரிந்துவிட்டது. பம்பாய் லைன் கேட்கவில்லை போலிருக்கிறது. நடுவில் இருந்து கேட்டு, அப்பாவிடம் அதை வாய்விட்டுச் சொன்னதே இவர்தான்.

லைன் இரைந்துகொண்டிருந்தது.

"அப்பா அழுதாரா அண்ணாச்சி?"

"இல்லம்மா," என்றார் நமசிவாயம். "சரியாக் கேக்கலைன்னு திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாரு. நானும் சொன்னேன்."