முட்டை உட்கார்ந்த நட்டு

1.

இந்தக் கதை ஒரு அவித்த முட்டையிலிருந்து வந்தது. கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆழ்மனம், அகத்தேடல் என்று சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு முட்டை. அமெரிக்காவின் மொண்டானாவில், எங்கள் தெருக்கோடியில், டெல்பர்ட்டும் அவர் மனைவி நோரீனும் சாப்பிடுகிற மேசைமேல் அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஏணி இரவல் கேட்கப் போனவன் பார்த்தேன். மீதியை நோரீன் சொன்னாள். டெல்பர்ட் மறுத்தார். ஆகவே உண்மை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி உருகிக்கொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதில், நீலமலைகளுக்கு அப்பால்...'

அடித்துவிட்டேன். மலைக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

2.

டெல்பர்ட் எதையும் நம்பாத மனிதர். (அப்படியானால் இது எழுதுகிறவனேதான் என்று நினைக்காதீர்கள். நான் முட்டை சாப்பிடுவதில்லை.) வானிலை அறிக்கையை நம்பமாட்டார். பல் டாக்டரை நம்பமாட்டார். நோரீனை நம்புவார், முக்கியமாக அவள் துப்பாக்கியால் குறிபார்க்கும்போது.

ஊர்ச் சங்கத்தில் வருடாவருடம் ஜோடிப் போட்டி நடக்கும். இரண்டு பேருக்கு ஒரே துப்பாக்கி. மாறி மாறி இரும்புத் தகடுகளைச் சுட்டுச் சாய்க்கவேண்டும். போன குளிர்காலத்தில் நோரீன் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, பிடி கூடவில்லை. குழலின் சூடு கையில் படாமலிருக்க முன்னால் ஒரு உறை இருக்குமே, அந்த முன்பிடி பருமன், கனம். தூக்கினால் கை நடுங்கியது.

"உன் தங்கச்சி வாண்டாவ ஜோடி சேத்துக்கய்யா" என்றாள்.

"அவ கண்ண மூடிக்கிட்டு சுடுவா. நீ வரலைன்னா நானும் போகல."

போகாமல் இருந்தால் மனிதர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எனவே ஒல்லியான, லேசான புது முன்பிடி ஒன்றைத் தபாலில் வரவழைத்தார்.*

* இதை இங்கே ரெயில் என்பார்கள். முதுகில் பல் பல்லாக வரிசை இருக்கும். ஓடாது.

3.

இந்த இடத்தில் ஆர்லோ என்ற துப்பாக்கி மெக்கானிக்கைக் கொண்டுவந்து, அவர் எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டிக் கொடுத்ததாக ஒரு பக்கம் எழுதினேன். கதை செத்துவிட்டது. தவிர, டெல்பர்ட் அவரைத் துப்பாக்கியைத் தொட விடுவாரா? ஆர்லோவை எடுத்துவிட்டேன். பாவம், நல்ல மனிதர்.

மேசையில் பழைய போர்வையை விரித்தார் டெல்பர்ட். துப்பாக்கியைத் திறந்து உள்ளே தோட்டா இல்லையென்று அவர் பார்த்தார், பிறகு அவள் பார்த்தாள். அந்த வீட்டில் இது சாப்பாட்டுக்கு முன் ஜெபம் மாதிரி, விடுவதில்லை.

பெட்டியைக் கவிழ்த்ததும் முன்பிடியோடு வட்டமாய் ஒரு நட்டும் விழுந்தது. குழலை உடம்போடு இறுக்குகிற நட்டு.

"இது எதுக்கு? பழைய நட்டே கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணு கேட்டா ரெண்டாத் தலையில கட்டுறானுங்க."

"கூட வந்த தாளப் படியேன்யா."

"அத எழுதினவன் துப்பாக்கியக் கண்ணால பாத்திருப்பானா?"

நட்டை ஒதுக்கித் தள்ளினார். பழைய உறையைக் கழற்றினார், சுட்ட புகையைப் பின்னுக்குக் கொண்டுபோகிற கேஸ் குழாயைக் கழற்றி மாட்டினார், புது முன்பிடியைச் செருகினார். வழுக்கிக்கொண்டு போனது. திருகுகளை முறுக்கினார்.

"பாத்தியா? கையுறை மாதிரி!"

நோரீன் பிடித்துத் தூக்கினாள். "அடேயப்பா, எவ்வளவு லேசு!"

லேசாகத்தான் இருக்கும். அவள் கையில் இருந்தது முன்பிடி மட்டும். துப்பாக்கி மேசையிலேயே கிடந்தது.

4.

[இங்கே அவர்களைச் சண்டைபோட வைக்கப் பார்த்தேன். 'நெடுங்கால மௌனம் அன்று அந்த மேசைமேல் உடைந்து...' என்று பாதி வாக்கியமும் எழுதினேன். இரண்டு பேரும் ஒத்துழைக்கவில்லை.]

நோரீன் சிரித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"அந்தப் புது நட்டு எங்கடி?"

"முட்டையக் கேளு."

முட்டை அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. அவர் ஒதுக்கித் தள்ளியதிலிருந்து.

"தெரிஞ்சே வச்சியா?"

"நீதான் வேணாம்னியே. முட்டைக்கு ஒரு கிண்ணம் வாங்கிக் குடுன்னு எத்தன தடவ கேட்டேன்! நீ எப்பத் தேடுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"குடுடி."

"இரு, சாப்பிட்டு முடிச்சுட்டுத் தர்றேன்."

அவர் காத்திருந்தார். பிறகு மாட்டியதையெல்லாம் அவிழ்த்தார்கள். நட்டைக் கழுவினார்கள். இந்தமுறை அவள் தாளை உரக்கப் படித்தாள் (புது முன்பிடி புது நட்டைத்தான் கவ்விப் பிடிக்குமாம்), அவர் முறுக்கினார். நட்டின் பற்களுக்கு நடுவே கேஸ் குழாய் உரசாமல் நேராகப் போகவேண்டும்.

"இன்னும் கொஞ்சம்."

"போதும்டி."

"இன்னும் கொஞ்சம்யா, கிழவா. ம்... நில்லு! தொடாத!"

முன்பிடி இறுகியது. நோரீன் மறுபடி தூக்கினாள். இந்தமுறை துப்பாக்கியும் வந்தது.

5.

சனிக்கிழமை, போட்டி நாள். முடிவு வேண்டும்.

முதல் முடிவு: போட்டியின் நடுவில் அவள் கை நடுங்குகிறது, டெல்பர்ட் கண் கலங்குகிறார். இது விருது வாங்குகிற முடிவு. ஆனால் பொய். கை நடுங்கவில்லை. அந்த ஒல்லிப் பிடி அவள் விரல்களுக்குள் முழுதாக அடங்கியிருந்ததை நான் பார்த்தேன். தகடு தகடாகச் சாய்ந்தது. டெல்பர்ட் ஒன்றைத் தவறவிட்டு, "காத்துடி" என்றார். இலைகூட அசையவில்லை.

இரண்டாவது முடிவு: கடைசித் தகடு நோரீனுக்கு. அது விழுகிறது, கோப்பை அவர்களுக்கு.

மூன்றாவது: விழவில்லை. கோப்பை வேறு யாருக்கோ...

எது நடந்தது? "யோவ், தள்ளி நில்லு, என் தோள்மேலயா மூச்சு விடுவ?" என்று சொல்லிவிட்டு அவள் குறிபார்த்தது வரைக்கும் எனக்குத் தெரியும். அவள் விசையை அழுத்தும்போது, காதடைப்புக்கு மேல் கையையும் வைத்துப் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை காலம் இங்கே இருந்தும் அந்தச் சத்தம் எனக்குப் பழகவில்லை.

திறந்தபோது டெல்பர்ட் தொப்பியை வானத்தில் விட்டெறிந்திருந்தார். தகடு சாய்ந்ததற்கா, நோரீன் பக்கத்தில் நின்று மறுபடி சுட்டதற்கா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தொப்பி இன்னும் மேலேதான் இருக்கிறது. நீங்கள் போய்த் தகட்டைப் பாருங்கள். நான் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.